கண்ணால் பார்த்த பிளேடு

ஜூன் 5, வியாழன்

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். ஒரு வரி பிசகாமல் அப்படியே நடந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேரிகை மார்ட்டுக்குள் கால் வைத்த நிமிஷமே, ‘இங்கே பாட்டு செட் மாட்டினால் இந்த வண்டி உருப்படாது’ என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். மனசுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே.

என் அக்கா மகள் செண்பகம் கால்நடை டாக்டர். இன்று காலை சிவந்திபட்டிக்கு டியூட்டிக்குப் போகிற வழியில் என்னை மார்க்கெட்டில் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டாள். சமாதானபுரம் முக்கில் எதிரே ஒரு இறுதி ஊர்வலம். மரியாதையாக ஒதுங்கி நிற்போம் என்று வண்டியை இடது பக்கம் ஒடித்தாள். ஹாரன் தானாக அடித்தது. சும்மா ‘பீப்’ என்று இல்லை, விடாமல் ஒரே அலறல். நேராக்கினால் நின்றது. ஒடித்தால் மறுபடியும் அலறியது. இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சங்கு ஊதியவன் ஊதுவதை நிறுத்திவிட்டான். செண்பகம் இரண்டு கையையும் மேலே தூக்கி, “நான் அடிக்கல, நான் அடிக்கல” என்று கண்ணாடி வழியாகக் காட்டினாள். ஒரு பெரியவர் ஜன்னலோரம் வந்து குனிந்து, “தாயி, அவரு எப்படியும் போயிருவாரு. நீ அவசரப்படுத்தாத” என்றார். பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது.

காரணம் அந்தக் கடை. வண்ணாரப்பேட்டை பைபாஸில் கப்பல் மாதிரி நிற்கிறதே, அதுதான். பதினான்கு ஊரில் கிளை. கிரைண்டர் விற்கிறான், கட்டில் விற்கிறான், இப்போது காருக்குப் பாட்டும் மாட்டுகிறான். வாசலில் டோக்கன். நம்மைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள், வண்டி அந்தப் பக்கம். சுவரில் சிவப்பு எண் குறைந்துகொண்டே போகிற ஒரு கடிகாரம். ஒரு வண்டிக்கு நாற்பத்தைந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. மாட்டுகிறவன் நடுவில் தும்மினால் நமக்கு ஒரு ஸ்பீக்கர் குறையும்.

நம் வண்டிக்கு வந்த ஃபிட்டர் பெயர் சேர்மதுரை. ஆரஞ்சு பனியன், நாற்பத்தைந்து வயசு இருக்கும். வீட்டிலிருந்து நான் கொண்டுபோயிருந்த ஆம்ப்ளிபயரையும் சேர்த்து மாட்டச் சொன்னேன். முப்பது வருஷம் மைக் செட் போட்டவன் நான். எத்தனையோ கோயில் கொடையில் அந்த ஆம்ப்ளிபயர் பாடினால் ஆற்றுக்கு அக்கரையில் ஆட்டம் போடுவார்கள். அதற்கு அவன், “வேண்டாம் அண்ணாச்சி. ஸ்டியரிங்குக்குக் கீழ எல்லாம் பொல்லாத ஒயரு. வெளியாளு கை வச்சா வாரண்டியும் போயிரும்” என்றான். வெளியாளாம். நான்!

அவன்தான் வெட்டினான். கண்ணாடி வழியாக என் கண்ணால் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து, சதக்கென்று ஒரு ஒயரை வெட்டினான். இதைச் செண்பகத்திடமும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தானே என்று என் வீட்டுக்காரி பிரம்மு கேட்கிறாள். ஆமாம், கூட்டிப்போனேன். அவர்கள் லட்சணத்தை நேரில் பார்க்கத்தான் கூட்டிப்போனேன்.

பெருவிரலில் கட்டு இருப்பதால் எழுத்து கோணுகிறது. திங்கட்கிழமை மாங்காய் நறுக்கும்போது பட்டது.

ஜூன் 6, வெள்ளி

ஹாரன் இன்று தானாக அடிக்கவில்லை. அமுக்கினாலும் அடிக்கவில்லை.

ஜூன் 7, சனி

செண்பகத்துக்கு அரை நாள் லீவு. இரண்டு பேருமாகப் பேரிகை மார்ட்டுக்குப் போனோம். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். நியாயம் கேட்கப் போகும்போது கைலி கூடாது.

மானேஜர் வெளியூர்க்காரர், கழுத்தில் அட்டை. “சார், உங்க வேதனை எங்களுக்குப் புரியுது சார்” என்று ஆரம்பித்தார். என் வேதனை அவருக்கு எப்படிப் புரியும்? ஊர்வலத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் அவரா உட்கார்ந்திருந்தார்? சத்தமாகக் கேட்டேன். கட்டில் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் ஆள் பிளேடால் வெட்டினதை இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

“எங்க ஃபிட்டர்ஸ் பிளேடு யூஸ் பண்ணக் கூடாது சார்.”

“கூடாதுன்னா? திருடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எவனும் திருடலையா?” என்றேன்.

சேர்மதுரையைக் கூப்பிட்டார்கள். அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். ஒரு நிமிஷம்கூட இராது. வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். பிறகு என் பெருவிரலைப் பார்த்தான். பெரிய மனுஷனிடம் நேருக்கு நேர் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது? கழற்றிய மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு, “ஹாரன் ஒயரு அந்து கெடக்கு சார்” என்றான்.

“நீங்க கட் பண்ணீங்களா?”

கையிலிருந்த டார்ச்சை அணைக்கவும் மறந்து நின்றான்.

“மாமா கண்ணால பாத்தாங்களாம்” என்றாள் செண்பகம். அந்த ‘களாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ‘பாத்தாங்க’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதன் பிறகு கேட்டதுதான் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. அறுந்த ஒயரை முறுக்கி ஒட்ட வைக்கக் கூடாதாம், கடையில் அது ‘பாலிசி’ இல்லையாம். புது ஒயர்க் கட்டு சென்னையிலிருந்து வர வேண்டுமாம், பதினைந்து நாளாம். அதுவரை? “மெதுவா ஓட்டுங்க மேடம்” என்கிறார். ஆடு மாடு நடுவில் பிழைக்கிற டாக்டருக்கு ஹாரன் இல்லாத வண்டி!

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினேன். இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை, நான் எழுதுகிறேன்.

வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கும், செண்பகம் வீட்டுச் சந்துக்குள் நுழையாது. சாவி ஒன்று என்னிடம் உண்டு. இன்று அவள் வந்து முதலுதவிப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதுல பிளாஸ்திரி சுருள் ஒண்ணு முழுசா இருந்துச்சே, எங்க?”

எனக்குச் சுரீர் என்றது. பாருங்கள் அக்கிரமத்தை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் பாட்டும் மாட்டிவிட்டு, மருந்துப் பெட்டியில் கை போட்டுப் பிளாஸ்திரியையும் அடித்திருக்கிறார்கள்! பதினான்கு கிளை நடத்துகிறவனுக்குப் பிளாஸ்திரி வாங்க வக்கில்லை. இதையும் புகாரில் சேர்க்க வேண்டும் என்றேன். செண்பகம் பின் சீட்டிலிருந்து என் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“இது பரண்ல இருந்துச்சுல்லா மாமா?”

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வந்தபின் பரணில் ஏற்றியதாகத்தான் எனக்கு நினைவு. வயசாகிறது, எல்லாம் நினைவில் நிற்பதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஹாரனுக்குப் பதிலாக நான். சிவந்திபட்டி, முத்தூர், அதற்கு அப்பாலும் செண்பகத்தோடு போனேன். ஆட்டு மந்தை வந்தால் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏய், ஒத்து, ஒத்து!” என்று ஒரு குரல். மைக் டெஸ்டிங் சொல்லியே பழகின தொண்டை இது. மைல் கணக்கில் கேட்டிருக்கும். ஒரு கிடாய் மட்டும் நகராமல் நின்று என்னைப் பார்த்தது. அதன் சொந்தக்காரர், “வண்டியில ஆரன் இல்லியா தாயி?” என்று கேட்டார்.

“எங்க மாமாதான் ஆரன்” என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் திரும்பி வரும்போது கால்வாய்க்கரைத் திருப்பத்தில் சைக்கிளில் ஒரு பெண், பின்னால் பிள்ளை. நான் அந்த நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், கத்தவில்லை. செண்பகம் பிரேக்கை மிதித்த மிதியில் பாட்டில் என் மூக்கில் இடித்தது. ஒரு முழம். ஒரு முழத்தில் தப்பியது. அந்தப் பெண் திட்டவும் இல்லை, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு வரும்வரை செண்பகம் இரண்டாவது கியரிலேயே ஓட்டினாள்.

அந்தக் கடைக்காரனைச் சும்மா விடக் கூடாது.

ஜூன் 11, புதன்

கடையிலிருந்து போன். மானேஜர்தான். “உங்க புகார் மேல நடவடிக்கை எடுத்துட்டோம் சார். சேர்மதுரையை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. பத்தொன்பதாம் தேதி ஹெட் ஆபீஸ்லேருந்து வர்றாங்க. நீங்க நேர்ல வந்து பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா வேலையை விட்டே எடுத்துடுவாங்க.”

“நல்லது” என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நல்லதா? யாரோ ஒரு ஆள் வந்து, கண்ணால் பார்த்தேன் என்றான். உடனே நம்பிவிடுவதா? பார்த்தவன் யார், என்ன, எங்கே உட்கார்ந்து பார்த்தான், கண்ணாடி போட்டிருந்தானா, ஒரு கேள்வி கிடையாதா? கூரையில் இத்தனை கேமரா மாட்டி வைத்திருக்கிறானே, அதைப் போட்டுப் பார்க்க ஒரு நாதி இல்லையா? மனுஷன் வேலை என்றால் அவ்வளவு இளப்பமா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பிரம்முவுக்கு ஊர்ச் செய்தி எல்லாம் தெரியும். சேர்மதுரைக்கு முன்பு மார்க்கெட் பக்கம் சொந்தக் கடை இருந்ததாம், வண்டி ஒயரிங் பார்க்கிற மிக்கேல் கடைக்கு அடுத்த கடை. பேரிகை மார்ட் வந்த வருஷமே மூட வேண்டியதாகி, அங்கேயே போய் பனியன் மாட்டிக்கொண்டானாம். “இதும் போச்சுன்னா குடும்பத்தோட திருப்பூருக்குத்தான் போணும்னு அவன் பொண்டாட்டி சொன்னா. பனியன் கம்பெனிக்கு” என்றாள். பிறகு, “உங்க விரலு ஆறிட்டா?” என்றாள்.

“மாங்காய்க் காயம்தானே, ஆறிரும்.”

“நம்ம வீட்டுல இந்த வருசம் மாங்காயே வாங்கலியே” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

பதினைந்து நாள் காத்திருக்க முடியாது என்று செண்பகம் வண்டியை மிக்கேல் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றாள். அவளே ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, பஸ்ஸில் டியூட்டிக்குப் போனாள். மிக்கேல் கடை என்றால் ஒரு ஷட்டர், முன்னால் வேப்ப மரம். மரத்தடிதான் பட்டறை. டோக்கனும் இல்லை, கடிகாரமும் இல்லை. இருந்த ஒரு கடிகாரமும் நாலரையில் நின்று வருஷமாகிறது.

மிக்கேல் எனக்கு மைக் செட் காலத்துப் பழக்கம்.

“வாரும்வே ஆவுடையப்பன். என்ன, பெரிய கடைப் பாட்டு கசந்துட்டாக்கும்? காப்பி எல்லாம் குடுத்தானே!”

“நக்கல் பண்ணாதயும். ஹாரன் ஒயர் ஒண்ணு விட்டிருக்கு. மேலோட்டமா ஒரு பார்வை பாத்து, வெளியவே ஒரு புது ஒயர் இழுத்து விடும். உள்ள எல்லாம் கை வைக்க வேண்டாம்.”

“மேலோட்டமாப் பாக்கதுக்கு நான் என்ன சோசியனா?” என்று பாட்டு செட்டையே கழற்றி வெளியே எடுத்துவிட்டான். அதன் பின்னால் இருந்த ஒயர்களை விரித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவனும் சேர்மதுரையும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்று பிரம்மு சொல்லியிருந்தாள். பக்கத்துக் கடைக்காரன் எதிரிக் கடையின் பனியனைப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு ஏசலுக்காகக் காத்திருந்தேன்.

“வேலையைப் பாத்தீரா?” என்றான். “ஒரு ஒயரைக்கூட வெட்டல. எல்லாம் கப்ளர் போட்டுச் சொருகியிருக்கான். நாப்பத்தஞ்சு நிமிசத்துல இப்படி என்னால முடியாதுவே.”

கப்ளர் என்றால் வண்டி ஒயரும் செட் ஒயரும் வெட்டாமலே சேருகிற பூட்டு. எனக்கும் தெரியும்.

“அப்புறம் இதப் பாரும். டேப்பு சுத்தியிருக்கான்லா, கடைசி நுனியை அரை இஞ்சு மடிச்சு விட்டிருக்கான். வாலு மாதிரி. இந்த ஊர்ல இதைச் செய்யுதவன் அவன் ஒருத்தன்தான். அடுத்தாப்ல பிரிக்கிறவன் நகத்தால சொரண்டிக்கிட்டு இருக்கப்படாதாம். எவன் பிரிப்பான்னு தெரியாது, அவனுக்காக ஒரு வாலு. கிறுக்கன்.”

கிறுக்கன் என்று சொன்ன விதத்தில் ஏசல் இல்லை.

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்தான். நான் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். “இரும்” என்றான் உள்ளேயிருந்து. கை மட்டும் வெளியே வந்தது. விரல்களில் ஒரு ஒயர்த் துண்டு. அதன் மேல் அழுக்குப் பிடித்த பிளாஸ்திரி, பந்து மாதிரி சுற்றி. வாலும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஓரத்தில் காய்ந்துபோன ரத்தப் பொட்டு.

“இது யாரு சுத்துனது?”

“அவனுக்கு டேப்பு தீந்திருக்கும்” என்றேன்.

“பேரிகை மார்ட்ல பிளாஸ்திரி போடுதானா? ஏம்வே, அது கடையா ஆஸ்பத்திரியா?” வெளியே வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். இவனும் விரலைத்தான் பார்த்தான். இந்த ஊரில் யாருக்கும் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் இல்லை.

அதன் பிறகு அவன் புது ஒயர் வைத்து, ஈயத்தால் பற்ற வைத்து, டேப் சுற்றினான். ஹாரன் அடித்தது. வேப்ப மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது, ஐந்நூறு இருக்கும். கிளம்பும்போது அந்தத் துண்டை ஒரு சின்னக் கவரில் போட்டு என் சட்டைப் பையில் வைத்தான்.

“இதை நீரே வச்சுக்கிடும்.”

அவன் உள்ளே போனதும் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மிக்கேல் சுற்றின டேப்பிலும் நுனி மடித்து, வால் விட்டிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பேரிகை மார்ட்டிலிருந்து செல்லில் செய்தி: ‘உங்கள் புகார் எங்களுக்குப் பொக்கிஷம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ ஒருத்தன் பிழைப்பைத் தொங்கவிட்டுவிட்டு நட்சத்திரம் கேட்கிறான்.

மிக்சி ஜார் பிளேடு மழுங்கிவிட்டது என்று பிரம்மு சொன்னாள். எந்த பிளேடைப் பற்றியும் என்னிடம் பேசாதே என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். சேர்மதுரை நின்றான். பனியன் இல்லை, கட்டம் போட்ட சட்டை. வேலை நாளில் இவனை ஆரஞ்சு நிறத்தில் பார்த்துவிட்டு, இப்படிப் பார்க்க ஆளே சிறுத்த மாதிரி இருந்தான். விலகிப் போய்விடலாம் என்று நான் நினைக்கவில்லை. எதற்கு நினைக்க வேண்டும்? மீன்காரிதான், “அண்ணாச்சி, எங்க ஓடுதிய, மீனை வாங்காம?” என்று சத்தம் போட்டாள்.

“நல்லாருக்கியளா அண்ணாச்சி? விரல் ஆறிட்டா?” என்றான் அவன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்ப்பா, அன்னைக்குக் கீழ குனிஞ்சு பாத்தியே, பாத்ததை மானேஜர்ட்ட சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“டார்ச்சு லைட்டு” என்றான். சிரித்தான். பிறகு சொன்னான்: “கஸ்டமர் கை வச்சிட்டாருன்னு நாங்க சொல்லப்படாது அண்ணாச்சி. எழுதியே ஒட்டியிருக்கான். சொன்னா எங்க வேலைக்குப் போடுத மார்க்கு போயிரும். ஆனா மார்க்குக்காக இல்ல. டாக்டரம்மா பக்கத்துல நின்னாவ. அவுக முன்னால வச்சு உங்களை எப்படிச் சொல்ல?”

எப்படி இருக்கிறது பாருங்கள்! எனக்குப் பாவம் பார்க்க இவன் யார்? முப்பது வருஷம் மைக் செட் போட்டவனுக்கு ஒரு ஃபிட்டர் பாவம் பார்ப்பதா? “நீ சொல்லியிருக்கணும்” என்றேன். “சொன்னா நம்பியிருப்பானுவளா?” என்றான். “திருப்பூர்ல எங்க மச்சினன் இருக்கான். வாடகைக்கு வீடு பாக்கச் சொல்லியிருக்கேன்” என்றும் சொன்னான், மீன் விலை சொல்வது போல.

சாளை வாங்கப் போனவன் எதையோ வாங்கி வந்துவிட்டேன். பிரம்மு ஏசினாள்.

ஜூன் 16, திங்கள்

வயிறு சரியில்லை. மீன்தான் காரணம்.

ஜூன் 17, செவ்வாய்

அதே. இன்று மீன் சாப்பிடவில்லை.

ஜூன் 18, புதன்

மாலையில் செண்பகம் வந்தாள். மேஜை மேல் ஒரு புதுப் பிளாஸ்திரிச் சுருளை வைத்தாள்.

“எதுக்கும்மா இது?”

“வண்டிப் பெட்டிக்கு. நீங்களே கொண்டு வச்சிருங்க மாமா, உங்ககிட்டதான் சாவி இருக்கே.” என் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மாங்காய் நறுக்கினா குறுக்கதான் கிழியும். இது நெடுக்க இறங்கியிருக்கு. சவர பிளேடை ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சு, இருட்டுல எதையோ அறுத்தா இப்படி விழும். மாட்டுக்கே தையல் போடுதவ மாமா நான்.”

“பெரிய டாக்டரு” என்றேன்.

“பத்தாம் தேதி அந்த சைக்கிள் அக்காவை நெனச்சா எனக்கு இன்னும் தூக்கம் வரல” என்றாள். “நாளைக்கு நானும் லீவு போட்டிருக்கேன். கடைக்குச் சேந்தே போவோம். வெளிய நிக்கேன். உள்ள வரமாட்டேன்.”

அவள் போன பிறகு பிரம்மு வெள்ளை வேட்டியை எடுத்துத் தேய்த்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

போனேன். ஜெயித்தேன்.

ஹெட் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர், கோட்டு போட்டவர்கள். ஒரு பெரிய மேஜை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரமாக சேர்மதுரை. மானேஜர் எல்லாவற்றையும் முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தார்: ‘மேற்படி பணியாளர் பிளேடால் ஒயரை வெட்டியதை நான் நேரில் கண்டேன்.’ அடியில் என் பெயர், கையெழுத்துக்குக் கோடு. பேனாவைத் திறந்து என் கையிலேயே கொடுத்தார்.

அந்தப் பேனாவை நான் விட்டெறிந்தேன். அது பறந்து போனதில் ஒரு கோட்டின் மேல் மை தெறித்தது. “ஒரு ஆள் வந்து சொன்னா நம்பிருவியளா?” என்று கேட்டேன். “உங்க ஆளு, உங்க கூடவே மூணு வருசம் வேலை பாத்திருக்கான். நேத்து வந்த என்னை நம்புதிய, அவனை நம்ப மாட்டியளா? அவன் சுத்துன டேப்பை நீங்க ஒருத்தராவது பாத்திருக்கியளா? அதுல வாலு இருக்குல்லா, வாலு, அது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?” மேஜையில் அடித்தேன். காப்பிக் கோப்பைகள் துள்ளின. பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சட்டைப் பையில் இருந்ததை எடுத்து மேஜையில் வைத்தேன்.

ஆரஞ்சு பனியன்காரர்கள் நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று கை தட்டினார்கள். கடிகாரம்கூட நின்றது.

மானேஜர் ஒன்றே ஒன்று சொன்னார்: “அப்போ வாரண்டி கேன்சல் சார்.” மன்னிப்பு கேட்கவில்லை, சேர்மதுரையிடமும் கேட்கவில்லை. பழைய காகிதத்தைக் கிழித்தார், புதுக் காகிதம் டைப் அடித்தார், கையெழுத்து வாங்கினார். இனி நான் வண்டி மாட்டுகிற பக்கம் வரக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி. வாசலில் நட்சத்திரம் கேட்கிற பெண் வேறு சிரித்துக்கொண்டே வழி மறித்தாள். ஒன்றுமே தராமல் வந்துவிட்டேன்.

சேர்மதுரை பின்னாலேயே வந்தான். பனியனை அப்போதே வாங்கிக் கையில் வைத்திருந்தான், போட்டுக்கொள்ளவில்லை. நன்றி ஒன்றும் சொல்லவில்லை. பேன்ட் பையிலிருந்து ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்து என் கையில் வைத்தான்.

“பிளாஸ்திரி கரண்டுக்கு ஆகாது அண்ணாச்சி. ஆம்ப்ளிபயர்தான் வேணும்னா ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வீட்டுக்கு வந்து மாட்டித் தாரேன். நீங்க கை வைக்காதீய. மிக்கேலையும் வரச் சொல்லுங்க.”

“அவன் உன்கூடப் பேச மாட்டானே.”

“பேச வேண்டாம். டார்ச்சு புடிக்கட்டும்.”

வெளியே செண்பகம் வண்டியில் இருந்தாள். நான் ஏறினதும் ஒரு தடவை ஹாரன் அடித்தாள். வழியில் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. சும்மா அடித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நோட்டை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். சில இடத்தில் கணக்கு கூடக் குறைய இருக்கலாம். கை தட்டியது நாற்பது பேர் இல்லை, இரண்டு பேர், அதில் ஒருத்தன் கையில் இருந்த தூசியைத் தட்டினானோ என்னவோ. பேனாவை எறியவில்லை, மூடி வைத்தேன். கடிகாரம் நிற்கவில்லை. கோட்டு ஒருத்தர்தான் போட்டிருந்தார். ஊர்வலத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. இவையெல்லாம் எழுத்துக்கு உப்பு, மன்னிக்கலாம். முன்னமே சொன்னேன் என்றது மட்டும் உண்மை. மனசுக்குள் சொன்னதை யார் இல்லை என்று சொல்ல முடியும்?

ஆனால் ஐந்தாம் தேதிப் பக்கம் கண்ணை உறுத்துகிறது. அதைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் பின்பக்கமும் சேர்ந்து போகும். அதனால் ‘அவன்தான் வெட்டினான்’ என்ற பத்தியின் மேல் ஒரு தாள் வைத்து ஒட்டியிருக்கிறேன். சேர்மதுரை கொடுத்த டேப்தான். நுனியை அரை அங்குலம் மடித்து வால் விட்டிருக்கிறேன். பிறகு யாராவது பிரித்துப் பார்க்க நினைத்தால் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

மேலே ஒட்டிய தாளில் எழுதியிருப்பது இது:

சேர்மதுரை பிளேடை எடுக்கவில்லை. கடையில் அவன் எந்த ஒயரையும் வெட்டவில்லை. அது மறுநாள் திங்கட்கிழமை, என் வீட்டு வாசலில், ஆம்ப்ளிபயருக்குக் கரண்டு எடுப்பதற்காக நடந்தது. மற்றபடி, ஒயர் வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்த்தேன் என்று நான் எழுதியது சத்தியமான உண்மை. பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். கையைத்தான் மாற்றி எழுதிவிட்டேன்.